பணம் கட்டும் முன் படி

அன்று சம்பள நாள்.

மும்பையில் தாராவி. தோல் பை தைக்கும் பட்டறைகள் நிறைந்த ஒரு சந்து. அங்கே ஒரு தம்பி சரக்கு டெம்போ ஓட்டுகிறார். வயது 22. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

முதலாளி சம்பளத்தை எண்ணிக் கொடுத்தார். 4,000 ரூபாய் குறைந்தது.

"என்ன முதலாளி, குறையுதே?"

"வேகமாப் போனதுக்கு ரெண்டு சலான் வந்திருக்கு. வண்டி என் பேர்ல இருக்கு. ஓட்டினது நீதானே?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். மறுபேச்சுப் பேசவில்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். அவரிடம் தம்பி விஷயத்தைச் சொன்னார்.

"சலானைப் பார்த்தியா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"இல்லை அண்ணாச்சி. முதலாளி போன்ல வந்ததாம்."

"முதலாளி பணத்தைக் கட்டிட்டாரா?"

"இன்னும் கட்டலை."

"அப்போ நாளைக்கே போய் வாங்கிப் படி. படிக்காத காகிதத்துக்குப் பணம் கொடுக்காதே."

சலான் என்றால் என்ன?

சலான் ஒரு குற்றச்சாட்டு. "இந்த வண்டி, இந்த நாளில், இந்த இடத்தில், இவ்வளவு வேகத்தில் போனது" என்று காவல்துறை சொல்கிறது. இது தீர்ப்பு அல்ல. தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை.

சலான் பெற்றவருக்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, தவறு உண்மை என்றால் பணத்தைக் கட்டலாம். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அதன்பிறகு "நான் செய்யவில்லை" என்று வாதாடுவது கடினம்.

இரண்டு, தவறு செய்யவில்லை என்றால் மறுக்கலாம். மறுப்பது குற்றம் அல்ல. அது சட்டம் தந்த உரிமை.

எந்த வழி என்று முடிவு செய்ய, முதலில் சலானைப் படிக்க வேண்டும்.

போலிச் செய்தியும் வரும்

சலான் வந்திருப்பதாகக் கைப்பேசியில் மோசடிச் செய்திகளும் வருகின்றன. "இந்தக் கோப்பை இறக்கிப் பாருங்கள்" என்று இருக்கும். அதைத் தொட்டால் வங்கியில் உள்ள பணம் போய்விடலாம்.

ஆகவே, செய்தியில் வரும் கோப்பைத் திறக்காதீர்கள். அரசின் இ-சலான் இணையதளத்துக்கு நீங்களே போய், வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். அரசு இணையதள முகவரியின் கடைசியில் 'ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்.' என்ற எழுத்துகள் இருக்கும். சந்தேகம் இருந்தால் போக்குவரத்துக் காவல் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

எதைப் படிக்க வேண்டும்?

மறுநாள் முதலாளியின் கைப்பேசியில் இரண்டு சலான்களையும் திறந்து பார்த்தார்கள். அண்ணாச்சியும் கூட இருந்தார். ஒவ்வொன்றிலும் ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொன்னார்.

1. வண்டி எண். எழுத்து எழுத்தாக, எண் எண்ணாகப் பார்க்க வேண்டும்.
2. நாள், நேரம்.
3. இடம்.
4. அங்கே அனுமதித்த வேகம் எவ்வளவு? கருவி காட்டிய வேகம் எவ்வளவு?
5. எந்தச் சட்டப் பிரிவு?
6. புகைப்படம். அதில் தெரிவது நம் வண்டிதானா?

முதல் சலான், புனே போகும் சாலையில் காலை 6 மணி 10 நிமிடம். டெம்போவுக்கு அங்கே எல்லை 60 கிலோமீட்டர். காட்டிய வேகம் 78. படத்தில் டெம்போ தெளிவாக இருந்தது. எண்ணும் தெளிவாக இருந்தது. தம்பிக்கு அந்தக் காலை நினைவுக்கு வந்தது. வேகமாகத்தான் போனார்.

இரண்டாவது சலான், வேறொரு நாள் பகல் 11 மணி 40 நிமிடம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அதில் இருந்தது டெம்போ அல்ல. ஒரு வெள்ளைக் கார். அதன் எண் பலகையில் கடைசி எண் 8. டெம்போவின் கடைசி எண் 3. யாரோ, அல்லது ஏதோ ஒரு கணினி, 8-ஐ 3 என்று படித்துவிட்டது. அந்த நேரத்தில் டெம்போ புனேயில் ஒரு கிடங்கின் வாசலில் சரக்கு இறக்கிக்கொண்டு இருந்தது.

முதலாளிக்கு முகம் வாடியது. அவரும் அதுவரை படத்தைத் திறந்து பார்க்கவில்லை.

"போனால் போகிறது" என்று கட்டலாமா?

"கோர்ட்டு, அலைச்சல் எல்லாம் எதுக்கு? ரெண்டாயிரம்தானே? கட்டிட்டுப் போவோம்" என்றார் முதலாளி.

ஆனால் இது பணத்தோடு முடிகிற விஷயம் இல்லை.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவு அதிவேகத்தைப் பற்றியது. 2019-இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. திருத்தத்தின்படி கார், சிறிய டெம்போ போன்ற இலகு ரக வண்டிக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிக்கும் பயணிகள் வண்டிக்கும் 2,000 முதல் 4,000 ரூபாய் வரை.

அதற்கு அடுத்த வரிதான் முக்கியம். இரண்டாம் முறை அதே குற்றம் என்றால், ஓட்டுநர் உரிமத்தை முடக்கி வைக்க வேண்டும் என்கிறது சட்டம். காவலர் உரிமத்தை வாங்கி, உரிமம் தந்த அலுவலகத்துக்கு அனுப்புவார். உரிமத்தை நிறுத்தி வைப்பதா, ரத்து செய்வதா என்று அங்கே விசாரிப்பார்கள். உரிமத்தை வாங்கும்போது ரசீது தருவார்கள். கேட்டு வாங்க வேண்டும். ஆனால் இந்தக் குற்றத்துக்காகத் தரும் ரசீதை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. உரிமம் திரும்பி வரும்வரை வேலை இல்லை.

தம்பி செய்தது ஒரு தவறு. செய்யாத இரண்டாவது தவறுக்கும் பணம் கட்டினால், கணக்கில் அது 'இரண்டாம் முறை' ஆகிவிடும். 2,000 ரூபாயோடு பிழைப்பும் போகும்.

அதனால்தான் மறுக்க வேண்டும்.

சட்டம் என்ன பாதுகாப்புத் தருகிறது?

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது பழமொழி. 183-ஆம் பிரிவிலும் இதே போன்ற ஒரு வரி இருக்கிறது.

ஒரே ஒரு சாட்சி, "என் கணிப்பில் இவர் அதிக வேகத்தில் போனார்" என்று சொன்னால் மட்டும் போதாது. அதை வைத்து மட்டுமே ஒருவரைத் தண்டிக்கக் கூடாது. அந்தக் கணிப்பு ஓர் இயந்திரக் கருவியாலோ மின்னணுக் கருவியாலோ அளந்ததாக இருக்க வேண்டும்.

ஆகவே சாலையில் நிறுத்தி, "வேகமாக வந்தாய்" என்று ஒருவர் சொன்னால், மரியாதையாகக் கேட்கலாம்: "ஐயா, எவ்வளவு வேகம்? எந்தக் கருவியில் அளந்தீர்கள்? காட்ட முடியுமா?"

கோபமாகக் கேட்க வேண்டாம். ரசீது இல்லாமல் பணம் கொடுக்கவும் வேண்டாம். அது லஞ்சம்.

கேமராவால் போடும் சலானுக்கு 2021 ஆகஸ்டில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அந்த விதி சொன்னவை இவை:

கருவிக்கு மாநில அரசின் அதிகாரி தந்த ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

கேமரா உள்ள பகுதிக்கு முன்னால், "இங்கே கண்காணிப்பு உள்ளது" என்று தெரியும்படி பலகை வைக்க வேண்டும்.

சலானில் குற்றத்தையும் எண் பலகையையும் காட்டும் தெளிவான படம் வேண்டும். கருவி அளந்த அளவு, நாள், நேரம், இடம், சட்டப் பிரிவு ஆகியவையும் வேண்டும்.

ஒரு சாலையில் மாநில அரசு தனியாக வேக எல்லை வைத்தால், அதற்கான பலகையையும் அங்கே நிறுத்த வேண்டும். இது சட்டத்தின் 112-ஆம் பிரிவு.

கருவி தவறுமா?

வேகத் துப்பாக்கி என்று ஒரு கருவி உண்டு. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அலை புறப்படும். அது ஓடும் வண்டியில் பட்டுத் திரும்பும். திரும்பும் அலையில் உள்ள மாற்றத்தைக் கொண்டு வேகம் கணக்கிடப்படும்.

கருவி சரியாக அளக்கலாம். ஆனால் அளந்தது எந்த வண்டியை? பக்கத்தில் வேறு வண்டி முந்திப் போனால் குழப்பம் வரலாம். எண் பலகையில் மண் அப்பியிருந்தால் 3-ம் 8-ம் ஒன்று போலத் தெரியலாம். ஒருவர் எண்ணைத் தட்டச்சு செய்யும்போது கை தவறலாம்.

அதனால் படமும், எண்ணும், நேரமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். எண் பலகையைத் துடைத்து வைப்பதும் நல்லது.

மறுப்பது எப்படி?

முதல் படி: கெடு தேதியைப் பாருங்கள். சலானில் அது இருக்கும். கெடு பற்றிய விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. பிறர் சொல்வதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

இரண்டாம் படி: சான்றுகளைச் சேருங்கள். சரக்கு இறக்கிய சீட்டு, சுங்கச்சாவடிக் கட்டணம் பிடித்த குறுஞ்செய்தி, பெட்ரோல் பங்க் ரசீது. எல்லாவற்றிலும் நேரம் இருக்கும். பழைய சீட்டுகளைக் கசக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

மூன்றாம் படி: போக்குவரத்துக் காவல் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். இ-சலான் இணையதளத்திலும் புகார் பதிவு செய்யலாம். நேரில் கொடுத்தால், நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

ஐயா,
என் டெம்போவின் எண் ............. எனக்கு வந்த சலானின் எண் .............
அதில் தேதி ............., நேரம் ............., இடம் ............. என்று உள்ளது.
அந்தப் படத்தில் இருப்பது என் வண்டி அல்ல. அது ஒரு கார். அதன் கடைசி எண் வேறு.
அந்த நேரத்தில் என் வண்டி ............. என்ற இடத்தில் சரக்கு இறக்கிக்கொண்டு இருந்தது. சீட்டின் நகலை இணைத்துள்ளேன்.
இந்தச் சலானை ரத்து செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.
கையெழுத்து, தேதி.

வேறு மாநிலத்தில் இருந்தால், அந்த மாநில மொழி எழுதத் தெரிந்தவரைக் கொண்டு எழுதலாம். எழுதி முடித்ததும் படித்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வண்டி யார் பெயரில் இருக்கிறதோ, சலான் அவருக்குத்தான் வரும். ஓட்டியது யார் என்று காவல்துறை கேட்டால் அவர் சொல்லியாக வேண்டும். இது 133-ஆம் பிரிவு. ஆகவே ஓட்டுநரும் உரிமையாளரும் சேர்ந்து மறுப்பது நல்லது.

நீதிமன்றம் போனால்?

பல மாநிலங்களில் இப்போது இணைய நீதிமன்றம் உண்டு. விர்ச்சுவல் கோர்ட் என்பார்கள். அங்கே சலானைத் தேடி எடுத்தால் இரண்டு வழி காட்டும். ஒன்று 'பணம் கட்டுகிறேன்'. மற்றொன்று 'வழக்காடுகிறேன்'. இரண்டாவதைத் தேர்ந்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகும். தேதி தருவார்கள். அந்தத் தேதியில் தவறாமல் போக வேண்டும்.

நீதிபதி கேட்பார், "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று. செய்யவில்லை என்றால் "இல்லை ஐயா" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பயத்தில் தலையை ஆட்டிவிடக் கூடாது. குற்றத்தை நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை. சாட்சி சொல்வது புரியாத மொழியில் இருந்தால், புரியும் மொழியில் சொல்லும்படி கேட்க உரிமை உண்டு.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையா? 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச உதவி கிடைக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோர் இதைப் பெறலாம். தொலைபேசி எண் 15100.

லோக் அதாலத்திலும் பல இடங்களில் சலான்களை எடுக்கிறார்கள். அது சமரசம் பேசும் இடம். அங்கே முடிந்தால் மேல்முறையீடு கிடையாது. தவறே செய்யாதவர் அங்கே போகும் முன் யோசிக்க வேண்டும்.

முதல் சலான் என்ன ஆனது?

தம்பி அதை ஒப்புக்கொண்டார். பணம் கட்டப்பட்டது.

"அதையும் மறுத்தால் என்ன?" என்று கேட்டார் தம்பி.

"நீ 78-ல போனது பொய்யா?" என்று கேட்டார் அண்ணாச்சி. பிறகு தரையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்.

60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் போகும். 78-இல் ஏறக்குறைய 22 மீட்டர் போகும். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 5 மீட்டர் கூடுதலாகப் போய்விடும். அந்த 5 மீட்டரில் ஒரு பிள்ளை நிற்கலாம். பிரேக் பிடித்த பிறகும் வண்டி உடனே நிற்காது. வேகம் இரண்டு மடங்கு ஆனால், நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்கு ஆகும்.

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 100-க்கு 71 பேர் அதிவேகத்தால் நடந்த விபத்துகளில் இறந்தவர்கள். மத்திய அரசின் அறிக்கை தரும் கணக்கு இது.

வேக எல்லை பணம் பிடுங்க வைத்தது அல்ல. உயிரைக் காக்க வைத்தது. பொய்ச் சலானை மறுப்பவர், மெய்ச் சலானை ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

அவசரப்படுத்தியவர் யார்?

அண்ணாச்சி முதலாளியையும் விடவில்லை.

"அந்தக் காலையிலே என்ன சொல்லி அனுப்பினீங்க?"

"ரெண்டு மணி நேரத்துல புனேக்குப் போகணும்னு சொன்னேன்."

மும்பையிலிருந்து புனே ஏறக்குறைய 150 கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் என்றால் மணிக்குச் சராசரி 75 கிலோமீட்டர். நடுவில் நகர நெரிசல் உண்டு. சுங்கச்சாவடி உண்டு. கண்டாலா மலைப்பாதை உண்டு. எல்லையை மீறாமல் அது நடக்காது.

இதையும் 183-ஆம் பிரிவு கவனித்திருக்கிறது. வேலைக்காரரை எல்லை மீறி ஓட்ட வைப்பவருக்கும் அபராதம் உண்டு. எல்லையை மீறாமல் போய்ச் சேர முடியாத நேரத்தைக் குறித்துக் கொடுத்தாலே, அது அவருக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்ளப்படும்.

முதலாளி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இனிமே நாலு மணி நேரம்னு வச்சுக்கோ" என்றார். முதல் சலானில் பாதிப் பணத்தை அவரே ஏற்றுக்கொண்டார்.

ஒரு வார்த்தை பெற்றோருக்கும். 18 வயது ஆகாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். 2019 திருத்தத்தின்படி அந்தப் பிள்ளை குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

முடிவு

இரண்டாவது சலானுக்குப் புகார் எழுதிக் கொடுத்தார்கள். கெடு நெருங்கியது. பதில் வரவில்லை. ஆகவே 'வழக்காடுகிறேன்' என்பதைத் தேர்ந்தார்கள். இரண்டு முறை நீதிமன்றம் போனார்கள். இரண்டு நாள் கூலி போனது. இரண்டாம் நாள் நீதிபதி படத்தைப் பார்த்தார். சரக்குச் சீட்டைப் பார்த்தார். வழக்கைத் தள்ளினார்.

சம்பளத்தில் பிடித்த 2,000 ரூபாய் திரும்பி வந்தது. உரிமம் தம்பியின் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

இப்போது தம்பி எந்தக் காகிதம் வந்தாலும் விரல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கிறார். படித்து முடித்த பிறகே பணப்பையைத் திறக்கிறார்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் வேக எல்லைப் பலகை எங்கே இருக்கிறது? அதில் எந்த வண்டிக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறது?
2. படிக்காமல் பணம் கட்டிய அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா?
3. முதலாளியின் அவசரத்துக்கு ஓட்டுநர் எப்படிப் பதில் சொல்லலாம்?
4. மேலே உள்ள கடிதத்தை உங்கள் கையால் ஒரு முறை எழுதிப் பாருங்கள்.